மறுமொழி: வன்பொருள் துணியா, கீரிபுகா வலையா?

வணக்கம். கோழிக்கூடு கட்டும் கையேட்டைத் தமிழில் கொண்டுவர நம் குழுவில் வந்த சொற்பட்டியலில் இந்த நான்கைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

> ஹார்டுவேர் கிளாத் = வன்பொருள் துணி
> பிரிடேட்டர் புரூஃப் = கொன்றுண்ணித் தடுப்பு
> ஏப்ரன் = முன்தானை அல்லது பாவாடை
> ரன் = ஓடுதளம்

பட்டியலைத் தொகுத்தவருக்கு நன்றி. ஆனால் இந்தக் கையேட்டைப் படிக்கப்போகிறவர் யார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் சும்மா கிடக்கும் மோட்டார் ரூமையோ மாட்டுக்கொட்டகையையோ கோழிக்கூடாக மாற்ற நினைக்கிறவர். இதைப் படித்துவிட்டு நேராகக் கம்பிக் கடைக்குப் போவார். அங்கே 'வன்பொருள் துணி' கேட்டால் கம்ப்யூட்டர் கடைக்கு வழி சொல்லி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பொருளில் துணியும் இல்லை, கணினியும் இல்லை. துத்தநாகம் பூசிய மெல்லிய இரும்புக் கம்பியைச் சின்னச் சின்னச் சதுரமாகப் பற்றவைத்த வலை அது, அவ்வளவுதான். நம் ஊர்க் கடையில் அரை இஞ்ச் வெல்டு மெஷ் என்பார்கள்.

அப்படியானால் வெல்டு மெஷ் என்றே எழுதிவிட்டுப் போகலாமே என்று மதுரை நண்பர் கேட்டிருந்தார். எழுதலாம். சிக்கல் என்னவென்றால் வெல்டு மெஷ் ஒரு இஞ்சிலும் வரும், இரண்டு இஞ்சிலும் வரும். வேலிக்கும் ஜன்னலுக்கும் அதுதான் போகிறது. கண் அளவை, அதாவது கம்பிகளுக்கு நடுவே உள்ள ஓட்டையின் அளவைச் சொல்லாமல் வாங்கினால் விலை குறைவான பெரிய கண்தான் வீட்டுக்கு வரும். கீரியின் உடம்பு ஒல்லி. தலை நுழைந்தால் மீதியும் நுழைந்துவிடும். பெரிய கீரி நுழையாத இடத்தில் குட்டி நுழையும். ஆகவே கண் அளவும் சேர்ந்து மனதில் நிற்கிற மாதிரி ஒரு பெயர் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இதற்குள் இன்னொரு குழப்பமும் இருக்கிறது. அறுகோணக் கண்ணுள்ள மெல்லிய வலையைக் கோழிவலை என்கிறோம். கோழியைக் காப்பாற்றும் வலை என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அது கோழி வெளியே போகாமல் அடைக்க மட்டுமே உதவும். அந்த முறுக்குக் கம்பியை நாய் பல்லால் இழுத்தே பிரித்துவிடும். கண்ணும் பெரிசு. வலையை ஒட்டிப் படுத்திருக்கும் கோழியின் காலை வெளியிலிருந்தே பிடித்து இழுக்க முடியும். எனவே கையேட்டில் 'கோழிவலை' வரும் இடத்திலெல்லாம் 'அடைப்புவலை' என்று போட்டுவிடலாம். உள்ளே அடைக்கிற வலை ஒன்று, வெளியே நிறுத்துகிற வலை இன்னொன்று என்பது பெயரிலேயே தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த இரண்டாவது வலைக்கு வருவோம். போன வாரம் 'கீரிவலை' என்று ஒருவர் சொன்னார். கொசு வராமல் தடுப்பது கொசுவலை, கீரி வராமல் தடுப்பது கீரிவலை. எனக்கு முதலில் ரொம்பப் பிடித்திருந்தது. வாயிலும் எளிதாக வருகிறது. ஆனால் மீன்வலை, முயல்வலை என்றால் பிடிக்கிற வலை. கீரிவலையை யாராவது அந்தப் பக்கம் புரிந்துகொண்டால் வம்பு. கீரி 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு, அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். ஓவியத் தூரிகைக்கான முடிக்காக அதைத் திருட்டுத்தனமாகப் பிடித்துக் கொல்கிற தொழிலும் நாட்டில் நடக்கிறது. அப்படி இருக்கும்போது கோழிக் கையேட்டில் 'கீரிவலை கட்டுங்கள்' என்று அச்சடிக்க எனக்கு மனமில்லை.

நீர்புகா, காற்றுப்புகா என்று ஏற்கெனவே புழங்கும் வழி ஒன்று இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் 'கீரிபுகா வலை'. பிடிக்கிற பொருளுக்கு இதில் இடமே இல்லை. கூட்டுக்கும் அதே சொல் பொருந்தும்: கீரிபுகாக் கூடு. 'கொன்றுண்ணித் தடுப்பு' உயிரியல் பாடத்துக்குச் சரி, சுவர் பூசுகிற கொத்தனாரிடம் சொல்ல முடியாது. கொன்றுண்ணி என்றால் எந்த அளவு ஓட்டையை அடைக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கீரி என்றால் கையை மடக்கிக் காட்டி இவ்வளவு என்று அவரே சொல்வார்.

> மரநாய், நரி, பருந்து எல்லாம் இருக்க ஏன் கீரி மட்டும்?

நல்ல கேள்வி. கீரி நுழையாத ஓட்டையில் நரியும் நாயும் மரநாயும் நுழைய முடியாது. மேலும் மரநாய் ராத்திரியில் வரும், கீரி பட்டப்பகலில் வரும். பொழுது சாயும்போது கதவைச் சாத்துவதோடு பாதுகாப்பு முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பெயரே ஒரு நினைவூட்டல். பருந்துக்கு மேலே வலை கட்டுவது தனி வேலை. சாரைப்பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வருவது உண்மைதான், கீரி என்ற அளவு அதற்குப் போதாது. அதனால்தான் அரை இஞ்ச் என்ற எண்ணைச் சொல்லின் பக்கத்திலேயே எப்போதும் எழுத வேண்டும் என்கிறேன்.

இனி ஏப்ரன். இதில்தான் நாம் அதிகம் சண்டை போட்டிருக்கிறோம். மண்ணைத் தோண்டும் விலங்கு சுவரின் அடியை ஒட்டித்தான் தோண்டும். அதனால் சுவரின் அடியிலிருந்து வெளிப்பக்கமாக ஒன்றரை, இரண்டு அடி அகலத்துக்கு வலையைத் தரையில் படுக்கப்போட்டு, சுவரோடு இறுக்கி, மேலே கல்லோ மண்ணோ போட்டுவிடுவார்கள். தோண்ட வரும் நாய் அதன்மேலேயே நின்றுகொண்டு பிறாண்டும், இரண்டடி பின்னால் போய்த் தோண்ட அதற்குத் தோன்றாது. புல் முளைத்துவிட்டால் வலை இருப்பதே தெரியாது.

இந்த வலைக்குக் குழுவில் வந்த யோசனைகளில் 'மடிவலை', 'கரைவலை' இரண்டும் கடற்கரைக்காரர்களுடையவை. கரைவலை இழுப்பு இன்றும் நடக்கிறது, இரட்டைமடி வலை செய்தித்தாளில் அடிக்கடி வருகிறது. 'கிடைவலை' என்றால் ஆட்டுக்கிடையைச் சுற்றிக் கட்டும் வலை நினைவுக்கு வரும். பாவாடைக்குச் சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெரியவர்கள் நடந்து வரத் தரையில் விரிக்கும் துணிக்கு நடைபாவாடை என்றுதான் பெயர், ஆகவே தரையில் பரப்புகிற பொருள் அந்தச் சொல்லுக்குள் நியாயமாகவே இருக்கிறது. இருந்தாலும் 'கூட்டுக்குப் பாவாடை கட்டு' என்றால் ஆள் சுவரைச் சுற்றி நிமிர்த்தித்தான் கட்டுவார். 'முன்தானை' பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

என் பரிந்துரை 'வெளிவிரிப்பு'. தரைவிரிப்பு எல்லாருக்கும் தெரியும், எனவே படுக்கப்போடுவது என்று புரிந்துவிடும். 'வெளி' என்பதை விடவே கூடாது. வலையை உள்பக்கம் மடக்கிவிட்டால் விலங்கு வெளியே சுவரடியில் தோண்டி வலைக்கு அடியில் புகுந்துவிடும், போட்ட காசு வீண்.

எல்லாவற்றுக்கும் புதுச்சொல் தேட வேண்டியதும் இல்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே உள்ள சந்துக்கு எறவாணம் என்ற சொல் ஊரில் இருக்கிறது. பழைய கொட்டகையில் மரநாய் நுழைவது பெரும்பாலும் அங்கேதான். தகரத்தின் அலைவளைவு சுவர்மேல் உட்காரும் இடத்தில் வரிசையாகச் சந்து இருக்கும், கதவுக்கீழ் இடைவெளியைப் பார்க்கிற கண் அதைப் பார்க்காது. மோட்டார் ரூமாக இருந்தால் பைப் போன ஓட்டையும் அப்படியே இருக்கும். பெருச்சாளி வளைக்குக் கண்ணாடிச் சில்லும் சிமெண்டும் கலந்து அடைப்பது ஊரறிந்த வேலை, அதற்கும் கலைச்சொல் வேண்டாம்.

கையேட்டில் உள்ள இரண்டடுக்குத் தாழ்ப்பாள் பற்றிய பத்தியையும் எடுத்துவிடலாம். அமெரிக்காவில் ராக்கூன் என்ற விலங்கு கை மாதிரியே விரலை வைத்துத் தாழைத் திறந்துவிடும், அதற்காக எழுதியது அது. நமக்கு நாய் முட்டித் திறக்காத கொண்டியும் நாதாங்கியும் போதும்.

'ஓடுதளம்' விமானத்துக்கு இருக்கட்டும். கோழி பகலில் உலாவும் வலையடைத்த இடத்துக்குப் 'பகல்பட்டி' என்று வைக்கலாமா? பட்டி ஆட்டுக்கு உரியது என்று கொங்குநாட்டு நண்பர்கள் ஆட்சேபிப்பார்கள் என்று தெரியும். வேறு சொல் இருந்தால் தாருங்கள், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

கீரிபுகா வலை, அடைப்புவலை, வெளிவிரிப்பு மூன்றையும் வரைவில் மாற்றி வைத்திருக்கிறேன். கம்பிக் கடையோ கோழிப்பண்ணையோ வைத்திருப்பவர்கள் யாராவது குழுவில் இருந்தால் இந்தச் சொற்களைச் சொல்லிப் பார்த்துவிட்டு, கேட்டவர் என்ன புரிந்துகொண்டார் என்று எழுதுங்கள். அச்சுக்குப் போவதற்கு முன் மாற்ற இன்னும் நேரம் இருக்கிறது.

அன்புடன்