சுடுவதற்கு கமடோர் 64, அடிதடிக்கு ஸ்பெக்ட்ரம்: ஒப்புக்கொள்வீர்களா?

ரப்பர் விசை:
இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம், கமடோர் 64 இரண்டுமே 1982-இல் வந்த வீட்டுக் கணினிகள். எது உசத்தி என்று பிரிட்டனில் எண்பதுகள் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் அடித்துக்கொண்டார்கள். இப்போது எமுலேட்டர் (பழைய கணினியைப் போல நடிக்கும் மென்பொருள்) புண்ணியத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடிவிட்டுச் சொல்கிறேன். விண்கலம் ஓட்டிச் சுடும் விளையாட்டில் கமடோர்தான் ராஜா, அதில் வாதமே இல்லை. திரையை வழுக்கிக்கொண்டு நகர்த்தும் வசதியும், எட்டு ஸ்பிரைட்டும் (பின்னணியைத் தொடாமல் தனியாக நகரும் உருவங்கள்) அதன் சில்லுக்குள்ளேயே இருக்கின்றன. ஸ்பெக்ட்ரத்தில் அப்படி எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் புரோகிராமர்தான் வரைந்து, அழித்து, மறுபடி வரைய வேண்டும்.

ஆனால் ஆளுக்கு ஆள் மோதும் விளையாட்டில் இந்த வசதிகளுக்கு என்ன வேலை? பின்னணி அசையாது. உருவம் இரண்டே இரண்டு. 1985-இல் மெல்போர்னின் பீம் சாஃப்ட்வேர் செய்த 'தி வே ஆஃப் தி எக்ஸ்ப்ளோடிங் ஃபிஸ்ட்'டை எடுத்துக்கொள்ளுங்கள். அடி சுத்தமாக விழுந்தால் முழுப் புள்ளி, சுமாராக விழுந்தால் அரைப் புள்ளி, இரண்டு முழுப் புள்ளி எடுத்தால் ஜெயிப்பு. எதிராளியை எவ்வளவு கிட்டத்தில் விடுவது, எந்த நொடியில் காலைத் தூக்குவது, இவ்வளவுதான் ஆட்டம். அது ஸ்பெக்ட்ரத்தில் இம்மியும் குறையவில்லை என்பது என் கட்சி.

மூன்று குரல்:
முதல் பாதி சரி, இரண்டாம் பாதி தலைகீழ். ஸ்பெக்ட்ரத்தில் எட்டுக்கு எட்டு பிக்சல் கொண்ட ஒரு கட்டத்துக்குள் இரண்டு நிறம்தான் வரும். விண்கலம் சுடும்போது எதிரி எங்கோ தூரத்தில் இருப்பான், நிறம் ஒன்றோடொன்று ஒட்டாது. சண்டை விளையாட்டில்? இரண்டு உடம்பும் உரசுவதுதானே ஆட்டமே! நிறம் குழம்பும் இடமும் சரியாக அதுதான். அதற்குப் பயந்து இரண்டு பேரையும் ஒரே நிறத்தில் வரைந்துவிட்டு "அசல் மாதிரியே இருக்கிறது" என்றால் எப்படி?

அப்புறம் கட்டுப்பாடு. கமடோரின் பக்கவாட்டில் ஜாய்ஸ்டிக் (விளையாட்டுக் குச்சி) செருக இரண்டு துளைகள் உண்டு, ஆளுக்கு ஒன்று. ஸ்பெக்ட்ரத்தில் ஒன்றுகூட இல்லை. நாற்பது ரப்பர் பொத்தான் உள்ள ஒரே பலகையில் இரண்டு பேர் முட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அங்கே முழங்கை இடிப்பதுதான் உண்மையான கராத்தே.

ரப்பர் விசை:
துளை இல்லை என்பது அரை உண்மை, நண்பரே. ஸ்பெக்ட்ரத்தைத் தயாரித்த சின்க்ளேரே 1983-இல் இன்டர்ஃபேஸ் 2 என்ற இணைப்புப் பெட்டியை விற்றார்கள். அதில் இரண்டு ஜாய்ஸ்டிக் செருகலாம். தனியாகக் காசு கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். நிறக் கதைக்கு வருகிறேன். ஓரக்கோடு தெளிவாக இருந்தால் ஒரே நிறமானாலும் எந்தக் கால் யாருடையது என்று கண் பிடித்துவிடும். நான் ஆடும்போது பார்ப்பது எதிராளியின் இடுப்பைத்தான், அவன் உடுப்பின் நிறத்தை இல்லை.

நாடாச் சுருள்:
சுடுவதில் கமடோர் ராஜா என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டால் எப்படி அண்ணே? நான் ஒப்பமாட்டேன்.

முதலில் கஷ்டம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொள்வோம். ஸ்பெக்ட்ரம் திரையின் பிக்சல்கள் மொத்தம் 6,144 பைட். அதன் மூளையான இசட்80 சில்லில், பைட்டுகளை நகல் எடுக்கும் எல்டிஐஆர் கட்டளையால் அதை நகர்த்தினால் பைட்டுக்கு 21 கடிகாரத் துடிப்பு, ஆக மொத்தம் 1,29,024 துடிப்பு. டிவியில் ஒரு பிரேம் (திரையில் ஒரு முழுப் படம்) ஓடி முடிய ஆவதோ 69,888 துடிப்புதான். திரையைத் தள்ளி வைப்பதற்குள்ளேயே கிட்டத்தட்ட இரண்டு பிரேம் போய்விடும். எதிரி, குண்டு, மோதல் எதையும் அதுவரை தொடவே இல்லை. சாமர்த்தியசாலிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஸ்டாக்கை (சில்லு எண்களைத் தற்காலிகமாகக் குவித்து வைக்கும் இடம்) திரை நினைவகத்தின் மேலேயே கொண்டுபோய் நிறுத்தி, அதில் எண்ணைக் குவிக்கும் புஷ் கட்டளையால் கொட்டினார்கள். 11 துடிப்பில் இரண்டு பைட் திரைக்கு வந்துவிடும். ஆடும் சதுரத்தையும் கொஞ்சம் சுருக்கிக்கொண்டால் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

இப்படிப்பட்ட இயந்திரத்துக்குத்தான் புரோகிராமர் பாப் பேப் 1988-இல் ஐரெம் நிறுவனத்தின், காசு போட்டு ஆடும் ஆர்கேட் விளையாட்டு 'ஆர்-டைப்'பைக் கொண்டுவந்தார். நிறத்தோடு, திரையை அடைக்கும் ராட்சத எதிரிகளோடு, கழற்றி முன்னும் பின்னும் மாட்டும் அந்தத் துணைக்கருவியோடு. கமடோர் ஆர்-டைப்பையும் பக்கத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். என் ஓட்டு ஸ்பெக்ட்ரத்துக்கே.

மூன்று குரல்:
நாடாச் சுருள், கணக்கு அருமை. ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாட்சி சொல்கிறது. ஒருத்தர் வித்தை காட்டினால்தான் திரை நகரும் என்றால் மற்றவர்கள் கதி?

கமடோரில் ஒரு பதிவேட்டில் (சில்லுக்குள் எண் வைக்கும் குட்டி இடம்) பூஜ்யம் முதல் ஏழு வரை எண்ணை மாற்றினால் திரை ஒவ்வொரு பிக்சலாக நகரும். எட்டாவதுக்குத்தான் திரையை நிரப்பும் ஆயிரம் எழுத்துகளை இடம் மாற்ற வேண்டும். மிச்ச நேரத்தை ஆண்ட்ரூ பிரேபுரூக் எதில் செலவழித்தார் என்று 1986-இன் 'யுரிடியம்' விளையாட்டில் பாருங்கள். குச்சியை மறுபக்கம் தள்ளினால் உங்கள் விமானம் வெறுமனே திரும்பாது, புரண்டு நிமிரும். கீழே போர்க்கப்பலின் உடம்பு முழுக்க உலோகத் தகடு. உயரமான சுவரில் மோதினால் சாவு, தாழ்வான தகட்டின் மேல் பறக்கலாம். எது உயரம், எது தாழ்வு என்று நிழலைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கமடோரின் 16 நிறத்தில் மூன்று சாம்பல் உண்டே, அதை வைத்துத்தான் அந்தத் தகடுகளுக்கு மேடும் பள்ளமும் வந்தன. டாமினிக் ராபின்சன் அதை ஸ்பெக்ட்ரத்துக்கு மாற்றியது சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சாம்பல் எங்கே?

ஆர்-டைப் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஜெர்மனியில் மான்ஃபிரெட் டிரென்ஸ் கமடோருக்கு 'கடாகிஸ்' என்று ஒன்று செய்தார். ஆர்-டைப்போடு அவ்வளவு ஒத்துப்போனதால் சிக்கல் வந்தது. கடைசியில் ஆர்-டைப்பை கமடோருக்கு மாற்றும் வேலையையே டிரென்ஸ் தரப்பிடம் ஒப்படைத்துவிட்டார்கள்!

வழிப்போக்கன்:
இரண்டு கட்சிக்கும் ஒரு கேள்வி. இதெல்லாம் ஆர்கேடின் நகல்தானே? கராத்தே விளையாட்டுகளுக்கு வழிகாட்டிய 'கராத்தே சாம்ப்', டேட்டா ஈஸ்ட் நிறுவனம் 1984-இல் விட்டது. அதில் ஆளுக்கு இரண்டு குச்சி. வீட்டில் ஒரே குச்சி, ஒரே பொத்தான். பாதி ஆட்டத்தை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்து சண்டை போட்டுக்கொள்கிறீர்கள்.

நகல் விவகாரம் நீதிமன்றம் வரை போனது. 'இன்டர்நேஷனல் கராத்தே'வை அமெரிக்காவில் வேறு பெயரில் விற்ற எபிக்ஸ் நிறுவனத்தின் மீது டேட்டா ஈஸ்ட் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் ஜெயித்தது. 1988-இல் மேல்முறையீட்டில் தீர்ப்பு புரண்டது. ஒற்றுமைகள் கராத்தேவிலிருந்தே வருபவை, பதினேழரை வயதுப் பையன் இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடுவான் என்றார்கள் நீதிபதிகள். நான் அந்த வயதில் பிரித்துப் பார்த்திருப்பேனா என்பது சந்தேகம்தான்.

ரப்பர் விசை:
வெட்டவில்லை சார், மடித்து வைத்தார்கள். பொத்தானை அழுத்தாமல் எட்டு திசை, அழுத்திக்கொண்டு எட்டு திசை. பதினாறு அசைவு ஒரே குச்சிக்குள் வந்துவிட்டதே. பழகிவிட்டால் மணிக்கட்டு தானாகப் போகும். இந்த ஏற்பாடு உண்மையிலேயே உடைந்தது, ஆறு பொத்தான் கேட்கும் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'வை தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தப் பழைய இயந்திரங்களுக்குள் திணித்தபோதுதான். அதற்கு கமடோர்காரரும் வக்காலத்து வாங்கமாட்டார்.

நகல் இல்லாததும் உண்டு. பாலஸ் சாஃப்ட்வேரின் 'பார்பேரியன்', 1987. அதற்கு ஆர்கேட் மூலமே கிடையாது. வாளைச் சுழற்றி சரியான தூரத்தில் கழுத்துக்கு வீசினால் ஒரே வீச்சில் தலை போய்விடும், எத்தனை உயிர் மிச்சம் இருந்தாலும் சரி. பிறகு ஒரு குட்டிச்சாத்தான் வந்து உடலை இழுத்துக்கொண்டு, தலையை உதைத்துக்கொண்டே போகும். ஜெர்மனிப் பதிப்பில் ரத்தத்தைப் பச்சையாக்கி, தலைவெட்டை எடுத்துவிட்டார்கள். அந்த வீச்சு எப்போது வரும் என்ற பயம்தான் ஆட்டம். அதற்கு ஸ்பிரைட் எதற்கு, சாம்பல் எதற்கு?

மூன்று குரல்:
ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு வக்காலத்து வாங்கமாட்டேன், அது நிஜம். பார்பேரியனும் நல்ல சாட்சிதான். அங்கேயும் ஆள் இரண்டு பேர்தான் என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆர்ச்சர் மக்லீன் 1987-இல் 'ஐகே பிளஸ்' செய்தபோது மூன்றாவது ஆளை இறக்கினார். மூவரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள், புள்ளி குறைந்தவர் வெளியே. ஒருவனை உதைக்கும்போது முதுகுப் பக்கம் இன்னொருவன் நிற்கிறானா என்று பார்த்துக்கொண்டே ஆட வேண்டும். நீங்கள் சொன்ன இடுப்பைப் பார்க்கும் வித்தை அங்கே செல்லாது. நிறம்தான் கைகொடுக்கும். பின்னால் ராப் ஹப்பார்டின் இசை வேறு நிற்காமல் ஓடும். (டி (T) விசையைத் தட்டினால் எல்லாருடைய கால்சட்டையும் கழன்று விழும். இதற்கும் கட்சி பேதம் உண்டா?)

ஸ்பெக்ட்ரத்திலும் ஐகே பிளஸ் இருக்கிறது. போட்டுப் பார்த்துவிட்டு, மூவரும் நடுவில் சேரும்போது எந்தக் கால் யாருடையது என்று எழுதுங்கள்.

ரப்பர் விசை:
போட்டாயிற்று. இரண்டு பேர் வரை எனக்குத் தெரிகிறது. மூன்றாமவனிடம் அடி வாங்கிய பிறகுதான் அவன் எங்கே நின்றான் என்று தெரிகிறது. இருந்தாலும் பார்பேரியனை விட்டுக்கொடுக்கமாட்டேன்.