புதுப்பிப்பு: பிளாக்செயினிலேயே வரைவதா, பிரவுசரிலா?

நிரலே உருவாக்கும் ஜெனரேட்டிவ் படத்தை பிளாக்செயினிலேயே வரைய முடியுமா என்று போன இழையில் கேட்டிருந்தேன். தாராளமாக முடியும். 2019-இல் வந்த ஆட்டோகிளிஃப்ஸ் என்ற கலைத் தொகுப்பின் 512 படங்களும் அப்படித்தான்: எதீரியம் பிளாக்செயினில் ஓடும் ஒப்பந்தமே (அதாவது அங்கே பதிந்த நிரல்) 64க்கு 64 கட்டத்தில் எழுத்துக்குறிகளால் கோலம் போட்டுத் தருகிறது. ஆனால் அங்கே தசம எண் கிடையாது, முழு எண்தான். ஒரு சைன் வளைவுக்கே நாம்தான் கணக்கு எழுத வேண்டும். எவ்வளவு கணக்குப் போடலாம் என்பதற்கு கேஸ் வரம்பு வேறு.

2020-இல் தொடங்கிய ஆர்ட் பிளாக்ஸ் என்ற ஜெனரேட்டிவ் கலைத் தளம் வேலையைப் பிரித்தது. வரையும் ஸ்கிரிப்டும், ஒவ்வொரு படத்தையும் வேறுபடுத்தும் ஹாஷ் எண்ணும் பிளாக்செயினில், வரைவது பிரவுசர். (ஆரம்பத்தில் ஸ்கிரிப்டுக்குத் தேவையான பி5.ஜேஎஸ் என்ற வரைகலை நிரல் நூலகம் பிளாக்செயினுக்கு வெளியேதான் இருந்தது, அது உறுத்தல்தான்.) நிறமும் அசைவும் வேண்டும் என்பதால் நான் இந்தப் பக்கம். வெறும் கோடுகள் போதுமென்றால் ஒப்பந்தத்திலேயே எஸ்விஜி (உரையாக எழுதும் பட வடிவம்) எழுதிப் பாருங்கள். வெளியிலிருந்து படிக்க மட்டும் அழைத்தால் கட்டணமில்லை.