திருச்சி - மெல்போர்ன்: அம்மா தனியாகப் போகிறார், போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்களுக்கு மன்னார்குடி பக்கம். அக்காவுக்கு மாசியில் பிரசவம். சம்பா அறுவடை முடிந்த கையோடு அம்மா மெல்போர்ன் கிளம்புகிறார். நெல்லைப் போட்டுப் பணம் வரும்வரை அப்பா நகர முடியாது. அம்மாவுக்கு இதுதான் முதல் விமானப் பயணம்.

நேர்க்கோட்டில் தூரம் ஏறக்குறைய 8,700 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 3,000-மும் 6,000-மும் சேர்ந்து சுமார் 9,000. பெரிய சுற்று இல்லை. முதல் விமானம் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல், அடுத்தது ஏழரை மணி நேரம். சென்னை போய் ஏறலாம் என்கிறார் மாமா. அவ்வளவு தூரம் காரில் உட்கார்ந்தால் அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிடும், அதனால் திருச்சிதான் சரி என்று படுகிறது.

டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். மெல்போர்ன், ஏப்ரல் முதல் ஞாயிறு வரை ஐந்தரை மணி நேரம். சர்க்கரை மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறோம்.

உங்களிடம் கேட்பது இதுதான். சிங்கப்பூரில் மூன்று மணி நேர இடைவெளி போதுமா? வீல்சேர் தள்ளுபவர் அடுத்த கேட் வரை கூடவே வருவாரா, நடுவில் உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவாரா? அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அப்புறம், பிரசவ லேகியம், சுண்டைக்காய் வத்தல் எல்லாம் மெல்போர்னில் இறங்கும்போது கொடுக்கும் வருகை அட்டையில் எழுதிக் காட்டினால் விடுகிறார்களா? சமீபத்தில் பெற்றோரை அனுப்பியவர்கள் அவசியம் சொல்லுங்கள். டிக்கெட் இன்னும் போடவில்லை.