கம்யூனிட்டி காலேஜ் எஸ்எல்ஓ படிவம்: 26-இல் 19 என்று போடுவதா, 34-இல் 19 என்று போடுவதா?

சான்ஹோசே கணக்கு டீச்சர்:

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் வேலை பார்ப்பவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன். கலிபோர்னியாவில் ஒரு கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருடப் படிப்பு தரும் அரசுக் கல்லூரி) பகுதிநேரமாக ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கிறேன், இது மூன்றாவது வருடம். இந்த செமஸ்டர் என் வகுப்பில் எஸ்எல்ஓ மதிப்பீடு செய்து அனுப்பச் சொல்லித் துறையிலிருந்து மெயில் வந்திருக்கிறது. தெரியாதவர்களுக்கு: பாடம் முடிந்ததும் மாணவருக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று கல்லூரி எழுதி வைத்திருக்கும் வரிதான் எஸ்எல்ஓ. எனக்கு வந்த வரி, "ஒரு கருதுகோள் சோதனையைச் செய்து, அதன் முடிவை விளக்குவார்" என்பது.

பதிவில் இருப்பவர்களைக் கல்லூரி எண்ணும் சென்சஸ் நாளில் வகுப்பில் 34 பேர். ஃபைனல் எழுதியது 26 பேர். அதில் இந்த வரிக்காக வைத்த கேள்வியை ஒழுங்காக முடித்தவர்கள் 19 பேர். 26-இல் 19 என்றால் 73 சதவீதம், 34-இல் 19 என்றால் 56. எதைப் போடுவது?

இன்னொன்று. ஒரு பையன், இரவு முழுக்கக் கிடங்கில் வேலை பார்த்துவிட்டுக் காலை எட்டு மணி வகுப்புக்கு வந்து முன் வரிசையில் உட்காருவான். பி-மதிப்பு (மருந்துக்குப் பலனே இல்லை என்றாலும் இப்படி ஒரு முடிவு தற்செயலாக வருவதற்கான வாய்ப்பு) 0.03 என்று சரியாகக் கண்டுபிடித்திருக்கிறான், 0.05-ஐவிடக் குறைவு, ஆகவே பலனில்லை என்ற கருதுகோளை நிராகரிக்கிறோம் என்றும் எழுதியிருக்கிறான். கடைசி வரியில், "எனவே இந்த மருந்து வேலை செய்ய 97 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது" என்று முடித்துவிட்டான். வீட்டுப்பாடம், குவிஸ் எல்லாம் சேர்த்து அவனுக்கு பி கிரேடு வந்துவிடும். ஆனால் எஸ்எல்ஓ வரியின் பின்பாதி அவனுக்கு வரவில்லையே. அவனை எந்தப் பக்கம் சேர்ப்பது?

போன வருடமும் ஒரு படிவம் அனுப்பினேன், யாரும் ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. எண் குறைவாக இருந்தால் அடுத்த செமஸ்டர் வகுப்பு கிடைக்காமல் போகுமோ என்ற பயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தரவு அறை:

டீச்சர், நான் வேறொரு கம்யூனிட்டி காலேஜில் ஆராய்ச்சி அலுவலகத்தில் இருக்கிறேன். இந்த எண்களையெல்லாம் கூட்டிப் பார்ப்பதுதான் என் வேலை.

முதல் கேள்விக்கு 26-இல் 19 என்றே போடுங்கள். எஸ்எல்ஓ கேட்பது, செய்து காட்டியவர்களில் எத்தனை பேருக்கு வந்தது என்பது. தேர்வே எழுதாத 8 பேருக்குத் தெரியுமா தெரியாதா என்று நமக்கு எந்தச் சான்றும் இல்லை. ஆனால் அந்த 8 பேர் காணாமல் போகக் கூடாது, அவர்களை எண்ண வேறு கணக்கு இருக்கிறது. செமஸ்டரில் ஐந்தில் ஒரு பங்கு முடியும்போது வருவது சென்சஸ் நாள். அன்றைக்குப் பதிவில் இருந்த 34 பேரும் கீழே வருவார்கள், ஏ, பி, சி அல்லது பாஸ் வாங்கியவர்கள் மேலே வருவார்கள், அதுதான் 'சக்சஸ் ரேட்'. டபிள்யூ (பாடத்தை நடுவில் விட்டவர்களுக்குப் போடும் குறி) வாங்காமல் கடைசிவரை இருந்தவர்களை மட்டும் எண்ணினால் 'ரிடென்ஷன்'. எஸ்எல்ஓ எண் மட்டும் நன்றாக இருந்து சக்சஸ் ரேட் கீழே கிடந்தால், தங்கியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், போனவர்களை விட்டுவிட்டோம் என்று அர்த்தம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

யாரை எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. அமெரிக்கக் கல்வித்துறை வெளியிடும் பட்டம் முடித்தோர் சதவீதம் நீண்ட காலம் எதை வைத்து வந்தது தெரியுமா? முதல் முறை கல்லூரிக்கு வந்து, முழுநேரமாகச் சேர்ந்து, இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்துக்குள் முடித்தவர்கள். கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலோர் பகுதிநேரம் படிப்பவர்கள், அவர்கள் அந்தக் கணக்கிலேயே வரமாட்டார்கள். உங்கள் கிடங்குப் பையன் இரண்டு பாடம் மட்டும் எடுத்திருந்தால், அவன் முடித்தாலும் அதில் இல்லை, முடிக்காவிட்டாலும் இல்லை. பட்டம் வாங்காமலே பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்களும் 'முடித்தவர்' ஆக மாட்டார்கள். பின்னாளில் பகுதிநேரத்தாரையும் சேர்த்து எட்டு வருடம் வரை பார்க்கும் இன்னொரு கணக்கு வந்தது. அப்போதுதான் நிஜமான மாணவர்கள் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தார்கள்.

எண்ணுவதால் என்ன மாறப் போகிறது என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் வருவதற்கு முன்னால் இங்கே எந்த வகுப்பில் சேர்ப்பது என்று பார்க்கப் பிளேஸ்மென்ட் டெஸ்ட் எழுதவைத்து, பலரைக் கல்லூரி அளவு கணக்குக்கு மூன்று படி கீழே கொண்டுபோய் உட்காரவைப்பார்கள். ஒவ்வொரு படியிலும் 100-க்கு 70 பேர் தேறி மேலே போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆசிரியருக்கு நல்ல தேர்ச்சியாகத்தான் தெரியும். மூன்று படி ஏறி முடிக்கும்போது மிஞ்சுவது 34 பேர், அதற்கப்புறம்தான் உண்மையான பாடமே தொடங்கும். தனித்தனி வகுப்பாகப் பார்த்தவரை இது யாருக்கும் தெரியவில்லை. ஒரே மாணவரை முதலிலிருந்து கடைசிவரை தொடர்ந்து எண்ணியபோதுதான் வெளியே வந்தது. 2017-இல் ஏபி 705 என்ற கலிபோர்னியா சட்டம் வந்தது, 2019 இலையுதிர் செமஸ்டரிலிருந்து பள்ளி மதிப்பெண்ணை வைத்து நேராகக் கல்லூரி அளவு பாடத்திலேயே சேர்க்கிறார்கள். உங்கள் வகுப்பில் இன்று உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் பழைய முறையில் உங்களை வந்து சேர்ந்திருக்கவே மாட்டார்கள்.

கோவை மெக்கானிக்கல்:

மேடம், நான் கோயம்புத்தூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் உதவிப் பேராசிரியர். நீங்கள் எஸ்எல்ஓ என்பதை நாங்கள் சிஓ (கோர்ஸ் அவுட்கம்) என்கிறோம். ஒவ்வொரு பாடத்தின் சிஓவையும் படிப்பு முழுவதற்குமான பிஓக்களோடு (புரோகிராம் அவுட்கம்) 1, 2, 3 என்று எண் போட்டு இணைத்து, இன்டர்னல் மார்க், செமஸ்டர் மார்க், கடைசியில் எடுக்கும் சர்வே எல்லாவற்றையும் எக்செலில் போட்டு 'அட்டெய்ன்மென்ட்', அதாவது எந்த அளவுக்கு எட்டினார்கள் என்ற எண், எடுக்க வேண்டும். இன்ஜினியரிங் பட்டப் படிப்புகளை நாடுகள் பரஸ்பரம் ஏற்றுக்கொள்ளும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014-இல் முழு உறுப்பினரான பிறகு, இங்கே அங்கீகாரம் கொடுக்கும் என்பிஏ வருகிறது என்றால் இந்த ஃபைல்தான் முதலில் மேசைக்குப் போகும்.

நான் முன்பு இருந்த ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறேன். மாணவர்களில் 60 சதவீதம் பேர் எட்ட வேண்டும் என்று இலக்கு வைத்திருந்தோம், ஒரு பாடத்தில் 48 வந்தது. துறைக் கூட்டத்தில் பாடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, இலக்கை 45 ஆக்கிவிட்டு ஃபைலை மூடினார்கள். தெர்மோடைனமிக்ஸில் என்ட்ரோபி யாருக்கும் புரியவில்லை என்பது அந்தத் தாளிலேயே இருந்தது, எடுத்துப் பார்க்க ஆளில்லை. எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

அதனால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். எண்ணை அனுப்புங்கள், கூடவே பெயரை மறைத்து நாலு விடைத்தாளின் நகலையும் எடுத்து வையுங்கள், நன்றாக எழுதியது ஒன்று, எழுதாதது ஒன்று, நடுவில் தடுமாறியது இரண்டு. 73 சதவீதம் என்பதைப் பார்த்து யாரும் பாடத்தை மாற்ற மாட்டார்கள், "97 சதவீதம் வாய்ப்பு" என்ற அந்த வரியைப் பார்த்தால் மாற்றுவார்கள்.

கட்டுரை திருத்துபவர்:

நான் தெற்கு கலிபோர்னியாவில் இங்கிலீஷ் துறையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன். பயத்தைப் பற்றிச் சொன்னீர்களே, அதிலிருந்து தொடங்குகிறேன்.

நிர்வாகம் இந்தப் படிவத்துக்கு ஏன் இப்படி அலைகிறது என்றால், அங்கீகாரக் குழு. 2012 ஜூலையில் சான் ஃபிரான்சிஸ்கோ சிட்டி காலேஜுக்கு, அங்கீகாரத்தை ஏன் பறிக்கக் கூடாது என்று காரணம் கேட்டது இங்கே கம்யூனிட்டி காலேஜ்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் ஏசிசிஜேசி என்ற குழு. பணம், நிர்வாகம் பெரிய காரணங்கள். கற்றல் விளைவுகளை முறையாக மதிப்பிட்டு முடிக்கவில்லை என்பதும் பட்டியலில் இருந்தது. அடுத்த ஜூலையில், 2014-இலிருந்து அங்கீகாரம் ரத்து என்றே அறிவித்தார்கள். வழக்கு நடந்தது, அங்கீகாரம் ஒருநாள்கூடப் போகவில்லை, 2017 ஜனவரியில் முழுமையாகத் திரும்ப உறுதி செய்தார்கள். ஆனால் நடுவில் மூடப்போகிறார்கள் என்று நினைத்து ஆயிரக்கணக்கான மாணவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பயம் இந்த மாநிலத்துக் கல்லூரிகளில் இன்னும் போகவில்லை.

உங்கள் எண்ணை வைத்து உங்களை எடைபோடலாமா என்பது உங்கள் கல்லூரி மாவட்டம் (கல்லூரிகளை நடத்தும் அமைப்பு) ஆசிரியர்களோடு போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. யூனியனில் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். சில மாவட்டங்களில் இந்த வேலைக்குப் பகுதிநேர ஆசிரியருக்குத் தனியாக மணிக்கணக்கில் சம்பளமே உண்டு, அதையும் கேளுங்கள்.

அந்தப் பையன் விஷயம். வரி "விளக்குவார்" என்று சொல்கிறது, அவன் விளக்கியது தவறு, ஆகவே அவன் எட்டவில்லை. கிரேடு வேறு, இது வேறு. கிரேடில் வருகை, வீட்டுப்பாடம், முயற்சி எல்லாம் கலந்திருக்கும். ஆனால் இதை நீங்கள் மட்டும் தனியாக முடிவு செய்யக் கூடாது. எங்கள் துறையில் ஒரு தடவை ஒரே கட்டுரையை நாலு பேர் ஒரே ரூப்ரிக்கை (எதற்கு எத்தனை மார்க் என்ற அளவுகோல்) வைத்துத் திருத்தினோம். இரண்டு பேர் 4 போட்டார்கள், ஒருவர் 3, நான் 2. மேற்கோளைச் சும்மா ஒட்டிவைத்தால் போதுமா, அதோடு வாதாட வேண்டுமா என்பதில்தான் சிக்கல் என்று கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. நாங்கள் வருடக்கணக்கில் வேறு வேறு பாடத்தை ஒரே பெயரில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம். எங்களுக்கு உருப்படியாகக் கிடைத்த மதிப்பீடு அந்த இரண்டு மணி நேரம்தான், படிவத்தில் போட்ட எண் அதற்கப்புறம்தான் அர்த்தமானது. உங்கள் துறையில் ஸ்டாடிஸ்டிக்ஸ் எடுக்கும் இன்னும் இரண்டு பேரிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள்.

சான்ஹோசே கணக்கு டீச்சர்:

எல்லோருக்கும் மிக்க நன்றி. நேற்றே இரண்டு பேரிடம் காட்டினேன். ஒருவர் பார்த்ததும், "என் வகுப்பில் பாதிப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள், நான் மார்க் போட்டுவிடுகிறேன்" என்றார். மூன்று பேரும் உட்கார்ந்து பேசியதில், நாங்கள் எல்லோருமே பி-மதிப்பைக் கணக்குப் போடத்தான் வாரக்கணக்கில் சொல்லிக் கொடுத்திருக்கிறோம், அது எதற்கான வாய்ப்பு என்று ஒரே ஒரு வகுப்பில் சொல்லிவிட்டுத் தாண்டிவிட்டோம்.

படிவத்தில் 26-க்கு 19 போட்டு, கூட அந்த 8 பேரைப் பற்றி ஒரு வரியும் எழுதி அனுப்பிவிட்டேன். அந்த 8 பேரில் 5 பேர் ஆறாவது வாரத்துக்கு முன்பே நின்றுவிட்டார்கள் என்பது ரெஜிஸ்டரைப் புரட்டும்போதுதான் தெரிந்தது. அடுத்த செமஸ்டர் நாலாவது வாரமே ஒவ்வொருவருக்கும் ஒரு மெயில் போடப் போகிறேன். "என்ன மாற்றப் போகிறீர்கள்" என்ற பெட்டியில், மூன்று வகுப்பிலும் ஒன்பதாவது வாரம் கணக்கே இல்லாத ஒரு கேள்வி வைக்கப் போகிறோம் என்று எழுதினேன். பி-மதிப்பு 0.03 என்று கொடுத்துவிடுவோம், மருந்து வேலை செய்யவே இல்லை என்று வைத்துக்கொண்டால் இந்த 0.03 என்ன சொல்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரருக்குப் புரிகிற மாதிரி மூன்று வரி எழுத வேண்டும்.

தரவு அறை, அந்தக் கேள்வியின் முடிவை ஃபைனலோடு ஒப்பிட மூன்று வகுப்பு போதுமா, இல்லை இரண்டு செமஸ்டர் காத்திருக்க வேண்டுமா?

தரவு அறை:

மூன்று வகுப்பையும் சேர்த்தால் ஏறக்குறைய நூறு பேர் வருவார்கள், தொடங்க அது போதும். தாள்களை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.