கிளொக் ஸ்பிரிங்குக்குத் தமிழ்ச் சொல்: ஞாயிறு அச்சுக்குப் போகிறது

கிளிநொச்சியிலிருந்து, மோட்டார் வாகனப் பயிற்றுநர், வியாழன் இரவு

எல்லோருக்கும் வணக்கம். திங்கள் காலை எனக்குக் காற்றுப்பை (எயார் பாக்) எச்சரிக்கை விளக்குப் பாடம். கையேட்டை ஞாயிறு மத்தியானம் அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். மற்றச் சொற்கள் எல்லாம் ஓரளவு சரிவந்துவிட்டன, ஒன்று மட்டும் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கிறது. கிளொக் ஸ்பிரிங், ஸ்டேரிங்குக்குள் சுருண்டிருக்கிற வயர்ச் சாமான். போன வருடக் கையேட்டில் நானே "மணிக்கூட்டு வில்" என்று போட்டேன். அந்தச் சொல்லால் ஒரு சாமான் நாசமாகப் போனது, அதனால்தான் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு டொயோட்டா ஹயஸ் வான் வந்தது. பின்னால் கட்டில், காஸ் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் போட்டு மோட்டர் ஹோம் மாதிரி ஆக்கி வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிற வண்டி. யாழ்ப்பாணம் போகிற வழியில் டாஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு, ஆள் இருந்து முன்னால் உருண்டைப் பை ஊதியிருக்கிற படம், எரியத் தொடங்கி அணையவே இல்லை. சாவி போட்டதும் ஆறு விநாடி அளவு எரிந்து அணைந்தால் நலம், அது தன்னைத்தானே சோதிக்கிற நேரம். இது அணையவில்லை. ஹோர்னும் அடிக்கவில்லை. இரண்டும் ஒன்றாகப் போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்டேரிங்குக்குள் இருக்கிற இந்தச் சாமானைத்தான், ஏனென்றால் ஹோர்ன் வயரும் பையின் வயரும் அதற்குள்ளால்தான் போகின்றன.

பழைய சாமான் கடையில் ஒன்று வாங்கினோம். கெட்டிக்காரப் பெடியன் ஒருவன்தான் பூட்டினான். என் கையேட்டைப் படித்தவன். வில் என்றால் முறுக்கி வைக்க வேண்டும் என்று நினைத்து, ஒரு பக்கம் இறுகும் மட்டும் சுற்றிவிட்டுப் பூட்டிவிட்டான். ஓட்டிப் பார்க்கப் போனோம். பரந்தன் சந்தியில் முல்லைத்தீவு வீதிக்குத் திருப்ப "டிக்" என்று ஒரு சின்னச் சத்தம். விளக்கு திரும்ப வந்தது, ஹோர்ன் செத்தது. கழற்றித் திறந்தால் உள்ளே நாடா அறுந்து கிடக்கிறது.

பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். தட்டையான பிளாஸ்டிக் கூடு, நடுவில் ஓட்டை. உள்ளே விரல் அகலம்கூட இல்லாத மெல்லிய நாடா, அதற்குள் செப்புக் கோடுகள், பல சுற்றுச் சுற்றி இருக்கும். ஸ்டேரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் சுற்று இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். அதனால் முன்சில்லு நேராக நிற்கும்போது அது சரி நடுவில் இருக்க வேண்டும்: ஒரு பக்கம் முடிவு மட்டும் மெதுவாகச் சுற்றி, அங்கிருந்து அந்த வண்டிக்குச் சொன்ன கணக்குக்கு, அனேகமாக இரண்டரைச் சுற்று அளவில், திருப்பி, அடையாளத்தை நேர்ப்படுத்திப் பூட்டுவது. அதில் விசை என்று ஒன்றும் இல்லை. பழைய மணிக்கூட்டுக்குள் இருக்கும் வில்லைப் போல் தோற்றம், அவ்வளவுதான் பெயர்க் காரணம். டொயோட்டா புத்தகங்கள் ஸ்பைரல் கேபிள் என்கின்றன, அது எவ்வளவோ நேர்மையான பெயர்.

என் மனதில் இருப்பவை: சுருள்நாடா, சுருள்வடம். இரண்டும் சரியில்லை என்றால் கிளொக் ஸ்பிரிங் என்றே தமிழில் எழுதிவிடுவேன். ஆனால் "வில்" வேண்டாம்.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

தம்பி, பெடியன் பிழைவிட்டதற்கு வில்லைக் குற்றம் சொல்லாதீர்கள். ஸ்பிரிங்குக்கு வில் என்று எங்கள் பாடநூல்கள் வைத்தது அழகான வைப்பு. வளைத்தால் மீள்வது வில். வில்லும் தராசும் சேர்ந்து விற்றராசு ஆனது. இலங்கையில் விஞ்ஞானம் படித்த எந்தப் பிள்ளையும் அந்தச் சொல்லைத் தடங்கலில்லாமல் சொல்லும்.

இந்தச் சாமான் மீள்வதில்லை என்று நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். ஆகவே வில் வேண்டாம். ஆனால் நாடா? அது வடக்கேயிருந்து வந்த சொல். நமக்கு "வார்" இருக்கிறது, செருப்பு வார், முரசின் வார். தட்டையாக, நீளமாக, வளைந்து கொடுப்பது வார். சுற்றுவதற்குப் "புரி" இருக்கிறது. புரிநூல், முப்புரி, வலம்புரி. வன்னியில் வைக்கோற்புரி திரிக்காத வீடு இருந்ததா? பானை வைக்கிற பிரிமணையும் புரிமணைதான், அதைத் தலைகீழாகப் பார்த்தால் உங்கள் சாமானின் வடிவம் அப்படியே இருக்கும். ஆண்டாள் ஒரே அடியில் "ஆழிபோல் மின்னி வலம்புரி போல் நின்றதிர்ந்து" என்கிறாள். மின்னுவதும் புரியும் ஒலிப்பதும் அங்கே சேர்ந்து நிற்கின்றன, உங்கள் விளக்கும் சுருளும் ஹோர்னும் போல. என் முன்மொழிவு: புரிவார்.

நாடாதான் வேண்டுமென்றால் புணர்ச்சியையாவது பாருங்கள். "ணளமுன் டணவும்" என்கிற நன்னூல் விதிப்படி சுருள் + நாடா சுருணாடா ஆகும். சுருள்நாடா என்று பிரித்து எழுதுவது ஒட்டுப்போட்ட துணி.

முல்லைத்தீவிலிருந்து, கராச் வைத்திருப்பவர்

ஐயா, குறை நினைக்க வேண்டாம். வண்டிக்குக் கீழே கிடக்கிற பெடியனிடம் "சுருணாடா எடு" என்றால் அவன் எழும்பி வந்து என்ன என்று கேட்பான். சுருள்நாடா என்றால் சாமான் பெட்டியைப் பார்த்ததும் கை அதற்குத்தான் போகும். விற்றராசு நல்ல சொல்தான், ஆனால் என் மகள் அதைப் பத்து வருடம் படித்தும் அதற்குள் ஒரு வில் இருக்கிறது என்று நான் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். சொல் ஒட்டிப்போய்விட்டது, உள்ளே இருப்பது வெளியே தெரியவில்லை. வார் என்றால் எங்களுக்குப் பெல்ட்.

பயிற்றுநர் தம்பி, சொல்லைவிட முக்கியமானது ஒன்று. பிள்ளைகள் ரெஸ்ற் லைற்றைக் கொண்டுபோய் பையின் பிளக்கில் குத்துகிறார்கள். மஞ்சள் வயர், மஞ்சள் பிளக் கண்டால் மீற்றரும் வேண்டாம் லைற்றும் வேண்டாம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பையைக் கொளுத்த அந்தச் சின்ன மின்னோட்டமே போதும். பற்றரியின் மறை முனையைக் கழற்றி, டொயோட்டாவில் 90 விநாடியாவது பொறுக்க வேண்டும், சில வண்டிகளில் இன்னும் கூட. பற்றரி இல்லாவிட்டாலும் பையை ஊதுகிற அளவு மின்சாரம் காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் தேங்கி நிற்கும்.

கிளிநொச்சியிலிருந்து, பயிற்றுநர்

அண்ணை, அது முதல் பக்கத்திலேயே இருக்கிறது. பையின் இடத்தில் 2 ஓம் அளவிலான தடையியைப் போட்டுப் பார்க்கிற முறையையும் எழுதியிருக்கிறேன். தடையி போட்டதும் அந்தப் பெட்டி பதிந்து வைத்திருக்கிற பிழைக்குறி போனால் பையில் கோளாறு, போகாவிட்டால் வயரிலோ பிளக்கிலோ சுருளிலோ. பிளக்கைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறு தகடு வந்து இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துவிடும், உடம்பில் இருக்கிற நிலைமின் பாய்ந்து பை வெடிக்காமலிருக்க. அந்தத் தகட்டுக்கும் சொல் வேண்டும், ஆனால் இப்போது அதைத் தொடங்க வேண்டாம்.

ஜேர்மனியிலிருந்து, மோட்டர் ஹோம் வைத்திருப்பவர்

எனக்கு வில்லோ நாடாவோ பிரச்சினை இல்லை, உங்கள் பாடத் தலைப்பில் வருகிற "காற்றுப்பை"யிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. என்னிடம் இருப்பது ஃபியற் டுக்காற்றோவில் கட்டின மோட்டர் ஹோம். இந்த வகையில் விளக்கு எரிந்தால் முதலில் ஸ்டேரிங்கைத் திறப்பதில்லை, சீற்றுக்குக் கீழே குனிந்து பார்ப்பதுதான். முன்சீற்றை வீட்டுப் பக்கம் திரும்பச் சுழல் தட்டு போட்டிருப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சீற் சுழலும்போது கீழே இருக்கிற மஞ்சள் பிளக் இழுபடும். எனக்கும் அதுதான். பற்றரி கழற்றி, பொறுத்து, பிளக்கைத் துப்புரவாக்கி, இழுபடாதபடி வயரைக் கட்டிவிட்டு, பிழைக்குறியை அழித்த பிறகுதான் விளக்கு போனது. மலிவான வாசிப்பான்கள் எஞ்சினை மட்டும்தான் வாசிக்கும், காற்றுப்பைப் பெட்டியோடு கதைக்கிற கருவி வேண்டும். குளிர்காலம் முழுக்க நின்ற வண்டி என்றால் பற்றரி இறங்கியதாலும் விளக்கு வரும்.

இப்போது சிக்கல். பாரம் தாங்கவென்று பின்சில்லுப் பக்கம் ரப்பர் காற்றுப்பைகளும் போட்டிருக்கிறேன், பம்ப் அடித்து உயர்த்துகிற வகை. இங்கே இரண்டையும் காற்றுப்பை என்றுதான் நம்மவர்கள் சொல்கிறார்கள். போனில் ஒருவர் "காற்றுப்பை விளக்கு எரிகிறது" என்று சொல்ல, நான் அரை மணித்தியாலம் அவரைப் பின்சில்லைப் பார்க்க வைத்தேன். ஊரில் வளி என்றுதானே படித்தோம்? உயிர்காக்கிற பைக்கு வளிப்பை என்று பிரித்தால் என்ன?

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

வளிப்பையை இரு கைகளாலும் வரவேற்கிறேன். கரிகாலனின் முன்னோனை "வளிதொழில் ஆண்ட உரவோன்" என்கிறது புறநானூறு 66. வளியை ஏவல் கொண்டவன்! காற்றைப் பையில் அடைத்து வேலை வாங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான சான்று கிடையாது. புறம் 2-இல் "வளித்தலைஇய தீயும்" என்று வருகிறது. அங்கே வளியிலிருந்து தீ, உங்கள் பையில் தீயிலிருந்து வளி. வரிசை திரும்பி நிற்கிறது, அவ்வளவுதான். இதை நான் தனியாக விரித்து எழுத வேண்டும், சனிக்கிழமை எழுதுகிறேன்.

கனடாவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

ஐயா சனிக்கிழமை எழுதுமுன் ஒரு வார்த்தை. அந்தப் பைக்குள் வருவது வளியே இல்லை. பல வருடங்களாக அதற்குள் வைத்தது சோடியம் ஏசைட்டு. தீப்பொறி பட்டதும் சிதைந்து நைதரசன் வாயுவாக வந்து 30 மில்லிவிநாடி அளவில் பையை நிரப்பும். பிறகு வேறு உப்புகள் வந்தன. எப்படிப் பார்த்தாலும் வெளிக்காற்று அதற்குள் போவதில்லை. உண்மையில் காற்றை அடைத்து வைத்திருப்பது பின்சில்லுப் பைதான்! ஆகவே வளியா காற்றா என்று பிரித்தால் பெயர்கள் தலைகீழாகத்தான் விழும்.

இன்னொன்று, அந்த விளக்கு பைக்கு மட்டுமானதும் இல்லை. மோதும் நேரத்தில் ஆசனப்பட்டியை இறுக்குகிற சாதனமும் அதே சுற்றில்தான் இருக்கிறது. அது பழுதானாலும் இதே விளக்குத்தான். நான் இங்கே ஒரு வாகனக் கையேட்டில் "காப்புப்பை" என்றும் "காப்பு விளக்கு" என்றும் போட்டேன். என்ன நிரம்புகிறது என்று சொல்லாமல் எதற்கு என்று சொல்கிற பெயர். நாடாவைப் பற்றி ஐயாவுக்கு ஒன்று: "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியரே விட்டுவிட்டார்.

முல்லைத்தீவிலிருந்து, கராச் வைத்திருப்பவர்

காப்பு என்றால் எங்கள் பக்கம் கையில் போடுவது, கோயிலில் கட்டுவது. "காப்பு விளக்கு எரியுது" என்றால் வற்றாப்பளையில் உப்புநீரில் எரிகிற விளக்கைத்தான் சனம் நினைக்கும்.

வற்றாப்பளை என்றதும் ஞாபகம் வருகிறது. மோட்டர் ஹோமுக்குச் சொல் தேடுகிறவர்கள் யாராவது இருந்தால், நமக்குக் கூடார வண்டில் இருந்தது. பொங்கலுக்குப் போகும்போது அதற்குள்ளேயே சமைத்து, அதற்குள்ளேயே படுத்து, மாட்டை அவிழ்த்து மர நிழலில் கட்டிவிட்டு. 2008 கடைசியில் சண்டையில் இடம்பெயர்ந்து கிழக்கே போனபோது உழவு இயந்திரப் பெட்டிக்குள் தறப்பாள் போட்டு ஐந்து பேர் மாதக்கணக்கில் இருந்தோம். அதற்கு ஒரு பெயரும் வைக்கவில்லை.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

கூடார வண்டில் பற்றி எழுதியதற்கு நன்றி தம்பி. எங்கள் வண்டிலும் வற்றாப்பளைக்குப் போயிருக்கிறது. பெட்டியைப் பற்றி எழுதியதற்குப் பதில் எழுத எனக்கு இன்று முடியவில்லை.

கிளிநொச்சியிலிருந்து, பயிற்றுநர், ஞாயிறு காலை

அச்சுக்காரர் இரண்டு தடவை போன் எடுத்துவிட்டார், ஆகவே இப்படிப் போகிறது. சுருள்நாடா, புணர்க்காமல். எழுதினவர்களில் அதை வேண்டாம் என்றவர் ஐயா ஒருவர்தான், மற்றவர்களும் மனம் நிறைந்து சம்மதித்ததாக எனக்குத் தோன்றவில்லை, களைத்துப்போய் விட்டார்கள். சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "இது வில் அல்ல, முறுக்கக் கூடாது, நடுவில் வைத்துப் பூட்டவும்." நாடாவை அறுத்த அதே பெடியன் நேற்று வந்து நடு அடையாளம் எங்கே இருக்கும் என்று படம் கீறித் தந்தான். அதுவும் உள்ளே போகிறது. அவன் படத்தில் அம்புக்குறி தெளிவாக விழுந்திருக்கிறது, என்னுடையதைவிட நல்ல படம்.

காற்றுப்பை காற்றுப்பையாகவே நிற்கட்டும், தெருவில் அதுதான் ஓடுகிறது. பின்சில்லுப் பைக்கு "தாங்கு காற்றுப்பை" என்று போட்டேன், ஜேர்மனி அண்ணைக்கு அரை மணித்தியாலம் மிஞ்சும். விளக்குக்குக் கனடாத் தங்கச்சியின் காப்பு விளக்கு எனக்குப் பிடித்தது, அர்த்தத்தில் அதுதான் சரி. ஆனால் பிள்ளைகளிடம் கேட்டேன், ஒருவருக்கும் விளங்கவில்லை. அதனால் "காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு (ஆசனப்பட்டி இறுக்கிக்கும் இதுவே)" என்று நீட்டித்தான் எழுதினேன். அழகில்லை, தெரியும்.

வவுனியாவிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

சுருள்நாடா அச்சாகட்டும், பிள்ளைகளின் பாடம் சொல்லுக்காக நிற்கக் கூடாது. புரிவாரை அடைப்புக்குறிக்குள்ளாவது போடச் சொல்லி நேற்றுப் போனிலும் கேட்டேன், இடமில்லை என்றார். அடுத்த பதிப்பு எப்போது என்று அறியத் தரவும். புறம் 2 பற்றிய கட்டுரை பாதி முடிந்துவிட்டது, அது வளிப்பைக்கு.