செட்டிநாட்டு வீடுகள் பற்றிய ஆய்வேடு: எவ்வளவு மாற்றி எழுதினால் எழுத்துத் திருட்டு ஆகாது?

கண்டனூர் மாணவி:
வணக்கம். எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுத் தலைப்பு செட்டிநாட்டு வீடுகளின் கட்டுமானம். கையில் இரண்டு தமிழ் நூல்கள், சில ஆங்கிலக் கட்டுரைகள், விக்கிப்பீடியா பக்கம், வீட்டின் பகுதிகளான முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு பற்றி எங்கள் தெரு ஆச்சி சொன்ன ஒலிப்பதிவு ஆகியவை இருக்கின்றன. முதல் இயலைப் பார்த்த நெறியாளர், "சொல்லை மட்டும் மாற்றியிருக்கிறாய், இதுவும் திருட்டுதான்" என்கிறார். எவ்வளவு மாற்றினால் போதும்? ஆங்கிலத்திலிருந்து நானே மொழிபெயர்த்த பத்தி என்னுடையதுதானே? மென்பொருள் காட்டும் ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் பரவாயில்லை என்கிறார்களே, சரியா?

ஏட்டுச்சுவடி:
எவ்வளவு மாற்றினால் போதும் என்று கேட்கத் தொடங்கினால் விடை கிடைக்காதும்மா. நூலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு எழுதினால் அதன் வாக்கிய அமைப்பு எப்படியும் உங்கள் கைக்கு வந்துவிடும்.

குறிப்பெடுக்கும்போதே கவனம் வேண்டும். முதலில் ஆசிரியர், ஆண்டு, பக்க எண். அதன் பிறகே குறிப்பு. நூலின் சொற்களை அப்படியே எழுதினால் இரட்டை மேற்கோள்குறி. உங்கள் சொல்லில் சுருக்கினால் ஓரத்தில் 'சு'. உங்களுக்குத் தோன்றியது என்றால் 'எ'. இதைச் செய்யாவிட்டால் இரண்டு மாதம் கழித்து எது யாருடைய வரி என்று உங்களுக்கே தெரியாது. மாணவர் ஆய்வேடுகளில் நடக்கும் திருட்டில் பெரும்பகுதி வேண்டுமென்று செய்வதல்ல, இந்தக் குழப்பத்தில் நேர்வதுதான்.

எழுதும்போது பத்தியை இரண்டு முறை படித்து, நூலை மூடிவிட்டு, அதன் கருத்தை இரண்டு வரியில் எழுதுங்கள். பிறகு திறந்து ஒப்பிடுங்கள். மாதிரிக்கு, செட்டிநாட்டு வீடுகளில் தரைக்குப் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைப் பற்றி நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்:

"ஆத்தங்குடிக் கல்லின் வழவழப்புக்குக் காரணம் அதைக் கண்ணாடியின் மேல் வார்ப்பதே. சிமெண்ட் இறுகியதும் கண்ணாடியின் மெருகு கல்லின் முகத்தில் பதிந்துவிடுகிறது."

தவறானது: "ஆத்தங்குடி டைல்ஸின் மினுமினுப்புக்குக் காரணம் அதைக் கண்ணாடி மீது ஊற்றுவதே. சிமெண்ட் காய்ந்ததும் கண்ணாடியின் பளபளப்பு கல்லின் மேல் படிந்துவிடுகிறது." எலும்புக்கூடு அப்படியே இருக்கிறது. கூடவே ஒரு பிழையும் நுழைந்துவிட்டது: சிமெண்ட் இறுகுவது வேறு, காய்வது வேறு. நீரோடு வினைபுரிந்துதான் அது இறுகுகிறது. பொருள் புரியாமல் சொல்லை மாற்றினால் இப்படித்தான் ஆகும்.

சரியானது: "வார்க்கும்போது அடியில் வைக்கும் கண்ணாடிதான் ஆத்தங்குடிக் கல்லுக்கு மெருகைத் தருகிறது என்கிறார் இன்னார் (ஆண்டு, பக்கம்)." சொந்த நடையில் எழுதினாலும் கருத்து அவருடையது, ஆகவே பெயர் கட்டாயம். நீளமான பத்தியின் கடைசியில் மட்டும் ஓர் அடைப்புக்குறி போட்டால் கடன் எங்கே தொடங்கியது என்று தெரியாது. முதல் வரியிலேயே "இன்னார் கருத்துப்படி" என்று தொடங்குங்கள்.

மொழிபெயர்ப்புக்கும் இதே விதிதான். தமிழ் உங்களுடையது, கருத்தும் அதை அடுக்கிய முறையும் அவருடையவை. மூல ஆசிரியர் பெயரோடு "மொழிபெயர்ப்பு: ஆய்வாளர்" என்றும் குறிப்பிடுங்கள்.

கோவிலூர் ரோடு:
சதவீதக் கணக்கைப் பற்றி. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 ஒழுங்குமுறைப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் 6 மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டைத் தர ஓராண்டு தடை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. முறையாகப் பெயர் சுட்டிய மேற்கோள், துணைநூற்பட்டியல், முன்னுரை, நன்றியுரை, பொருளடக்கம் எல்லாம் கணக்கில் வராது. முதுகலை ஆய்வேடு இதற்குள் வரும். வகுப்பு அசைன்மென்ட், புராஜெக்ட் ரிப்போர்ட் வராது. அவற்றுக்கு உங்கள் துறை வைத்த விதியைக் கேளுங்கள்.

ஆனால் 10 என்பது திருட அனுமதித்த அளவு இல்லை. உங்கள் முடிவுரையில் பெயர் சொல்லாத ஒரு பத்தி இருந்தால், மொத்தம் 3 சதவீதமே வந்தாலும் அது திருட்டுதான்.

தமிழில் மென்பொருளை நம்பியிருக்கவும் முடியாது. பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த கோப்புக்குள் இருப்பவை ஆங்கில எழுத்துக் குறியீடுகள். யூனிகோடுக்கு மாற்றாமல் ஏற்றினால் ஒப்புமை 0 என்று வரலாம். இணையத்தில் இல்லாத அச்சு நூலும் சிக்காது. 'வீட்டின்' என்பதை 'வீட்டினுடைய' என்று மாற்றினாலே சில மென்பொருள் தடுமாறும். படித்த நெறியாளர் தடுமாற மாட்டார். அதனால் அறிக்கையில் எண்ணை மட்டும் பார்க்காமல், வண்ணமிட்ட ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிடுங்கள்.

செவ்வூர்க்காரன்:
ஆச்சியின் ஒலிப்பதிவும் ஒரு மூலம்தான், தங்கச்சி. ஊர்க்காரர் சொன்னதை "செவிவழிச் செய்தி" என்று பெயரில்லாமல் போட்டுவிடுகிறார்கள், அது அந்த ஆச்சிக்குச் செய்யும் அநியாயம். பெயரைப் போடலாமா என்று அவரிடமே கேட்டு, பெயர், வயது, ஊர், பதிவு செய்த நாள் நான்கையும் தகவலாளர் பட்டியலில் சேருங்கள். வேண்டாம் என்றால் "தகவலாளர் 1" என்று போடுங்கள்.

நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூலை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், பெயரை விட்டுவிட்டு எடுக்க அது உரிமை தராது. பதிப்புரிமை வேறு, எழுத்து நேர்மை வேறு. புறநானூறு 192ஐக் காட்டும்போதும் பாட்டு எண்ணோடு, எந்த உரையிலிருந்து பொருள் எடுத்தீர்களோ அந்த உரையாசிரியர் பெயரும் வர வேண்டும். விக்கிப்பீடியாவை வழிகாட்டியாக மட்டும் வைத்து, அதன் அடிக்குறிப்பில் உள்ள மூலத்தைத் தேடிப் படியுங்கள். வீட்டு வரைபடம், ஒளிப்படத்துக்கும் கீழே பெயர் வேண்டும். நூலிலுள்ள வரைபடத்தைப் பார்த்து நீங்களே வரைந்தாலும் "இன்னாரைத் தழுவியது" என்று போடுங்கள்.

கண்டனூர் மாணவி:
மிக்க நன்றி. ஒன்று மட்டும். நான் படித்த நூலில் வேறொரு பழைய நூலின் வரிகள் மேற்கோளாக வருகின்றன. அந்தப் பழைய நூலை நான் பார்த்ததில்லை. அதன் பெயரைப் போடலாமா?

ஏட்டுச்சுவடி:
நேரடியாகப் போடக் கூடாது. "இன்னார், மேற்கோள்: இன்னார் நூல், பக்கம்" என்று, கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். எடுத்தாண்டவர் ஒரு சொல்லை விட்டிருந்தால் அந்தப் பிழை உங்கள் பெயரில் வந்துவிடும். பழைய நூல் என்றால் சென்னை தரமணியிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் தேடிப் பாருங்கள். நம்ம கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்த நூல்கள்தான் அதன் அடித்தளம். கிடைத்தால் அந்தப் பக்கத்தை நேரில் பார்த்துவிட்டு மூலத்தையே சுட்டுங்கள். செயற்கை நுண்ணறிவு தரும் நூற்பெயர்களையும் இப்படியே சரிபாருங்கள், இல்லாத நூலுக்கும் அது பக்க எண் கொடுக்கும்.