காற்றாலை தயார், மின்பாதை வரவில்லை: ஓடாத ஆலைக்கு யார் பணம் கட்டுவது?

கேள்வி:
கென்யாவின் துர்கானா ஏரிக் காற்றாலை பற்றி ஒரு சந்தேகம். 365 காற்றாலைகள், 310 மெகாவாட். 2017 ஜனவரியிலேயே தயார். ஆனால் ஆலை இருக்கும் லோயாங்கலானியிலிருந்து நைரோபிக்கு அருகிலுள்ள சுஸ்வா துணைமின் நிலையம் வரை அரசு போடவேண்டிய 400 கிலோவோல்ட் பாதை முடிந்து இணைப்புக் கிடைத்தது 2018 செப்டம்பரில். அந்த இடைக்காலத்துக்கும் அரசுத் தரப்பு பணம் கொடுக்க வேண்டிவந்தது. இந்த விதி இல்லாமல் தனியார் முதலீடு வராதா?

பதில் 1:
வராது. மின்பாதை முதலீட்டாளர் கையில் இல்லை, கடன் தவணையோ ஆலை ஓடினாலும் ஓடாவிட்டாலும் வந்து நிற்கும். அதனால்தான் 'டீம்டு ஜெனரேஷன்', அதாவது பாதை இருந்திருந்தால் எவ்வளவு யூனிட் வந்திருக்குமோ அதற்குப் பணம்.

தொகையின் கனத்தைப் பாருங்கள். யூனிட்டுக்கு 7.52 யூரோ சென்ட். சராசரியாக முழுத் திறனில் 55 விழுக்காடு உற்பத்தி என்று வைத்தால் 310 × 720 மணி × 0.55 = மாதம் சுமார் 1,22,760 மெகாவாட்-மணி, ஏறக்குறைய 92 லட்சம் யூரோ. (இது அளவு புரிவதற்கான கணக்கு, உண்மையில் கட்டிய தொகை அல்ல.) பாதைத் தாமதத்துக்கென்றே ஆப்பிரிக்க வளர்ச்சி நிதியம் கொடுத்த உத்தரவாதம் 2 கோடி யூரோ. இந்தக் கணக்கில் அது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் தாங்கும். தாமதமோ 20 மாதம். பாதை போட்ட ஸ்பெயின் ஒப்பந்ததாரர் ஐசோலக்ஸ் 2017-இல் திவாலாகி, சீன நிறுவனங்கள் வந்துதான் முடித்தன.

விதியைக் குறை சொல்ல மாட்டேன். ஆலைக்கு ஒரு தேதி, பாதைக்கு ஒரு தேதி, இரண்டையும் கட்டிப்போடாமல் விட்டதுதான் தவறு. தேவையில்லாத மின்சாரத்துக்கும் பணம் போகும் என்று சொல்லி உலக வங்கி 2012-லேயே இந்தத் திட்டத்திலிருந்து விலகிவிட்டது. அந்தப் பயம் வீண் பயம் அல்ல.

பதில் 2:
ஒப்பந்தம் எழுதும்போது நான்கு இடங்களில் கண் வைக்க வேண்டும். பாதை முடியும்வரை ஆலையின் கட்டாயத் தொடக்கத் தேதியும் தானாகத் தள்ளிப்போக வேண்டும். முதல் 60 அல்லது 90 நாளுக்கு இழப்பீடு இல்லை என்று ஒரு சலுகைக் காலம் வேண்டும். அதன் பிறகும் முழுக் கட்டணம் தராமல் கடன் தவணையும் நிலையான செலவும் மட்டும் தரலாம். நான்காவது, அந்தக் காலத்தை 20 ஆண்டு ஒப்பந்தத்தின் கடைசியில் சேர்ப்பது.

சண்டை பெரும்பாலும் கணக்கிடும் முறையில்தான் வரும். காற்றளவுக் கோபுரத்தின் பத்து நிமிடப் பதிவு, காற்றாலையின் திறன் வளைவு (எந்தக் காற்று வேகத்தில் எவ்வளவு மின்சாரம் என்ற கணக்கு), அன்று எத்தனை காற்றாலைகள் ஓடும் நிலையில் இருந்தன, கம்பி இழப்பு எவ்வளவு, எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். பாதை இல்லையென்றால் வெளியிலிருந்து மின்சாரமும் வராது. காற்றாலையை முழுதாகச் சோதிக்கவும் முடியாது. அப்போது 'தயார்' என்று யார் சான்று தருவது? சார்பற்ற பொறியாளர் என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
பாதையையும் முதலீட்டாளரே போட்டால்?

பதில் 3:
தென்னாப்பிரிக்கா கிட்டத்தட்ட அதைத்தான் செய்கிறது. இணைப்புச் செலவு மதிப்பீட்டுக் கடிதத்தை அரசு மின் நிறுவனமான எஸ்காமிடம் வாங்கி வந்துதான் அரசின் மின் கொள்முதல் ஏலத்தில் நிற்க வேண்டும். இணைப்புப் பாதையை நிறுவனமே கட்டி எஸ்காமிடம் ஒப்படைக்கலாம். 20, 30 கிலோமீட்டருக்கு இது சரிப்படும். துர்கானா போல 400 கிலோமீட்டருக்கு மேல் என்றால் அந்தச் செலவு முழுதும் யூனிட் விலையில் ஏறிவிடும்.

அதோடு, சொந்தப் பாதை போட்டாலும் அதற்கு அப்பாலுள்ள முதுகெலும்புப் பாதையில் இடம் வேண்டுமே. 2022-இல் அந்த ஏலத்தின் ஆறாம் சுற்றில் 3,200 மெகாவாட் காற்றாலைக்கு ஏலம் கேட்டார்கள். காற்று மிகுந்த கேப் மாகாணங்களில் இணைப்புக்கு இடமில்லாததால் ஒரு காற்றாலைகூடத் தேர்வாகவில்லை. ஐந்து சூரிய ஆலைகள் மட்டும், 860 மெகாவாட்.

நீண்ட பாதை என்றால் அரசே போடட்டும். ஆனால் பாதையின் டெண்டர் முடிந்து, கோபுரங்களுக்கான நிலவழி கைக்கு வந்த பிறகே ஆலையின் மின் கொள்முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வர வேண்டும். அந்த ஒரு நிபந்தனைக்காக முதலீட்டாளர் ஓராண்டு காத்திருப்பார், ஓடிவிட மாட்டார்.